ஏகாம்பரத்துக்கு ஏரிக்கரையில் இரங்கல்

"எனக்கு இரங்கல் கூட்டம் நடந்துச்சே, அதுக்கு பிரான்சு பட்டாளமே வந்து நின்னுச்சு. என் போட்டோவுக்குப் போடக் கொண்டாந்த மலர் வளையத்த எங்கையிலயே குடுத்து, வெறப்பா நின்னு எனக்கு சல்யூட் அடிச்சாங்க. நானும் ஒண்ணு அடிச்சேன். அப்பாலிக்கா என் சாவுக்குச் செஞ்ச சுண்டல நானே ரெண்டு தபா வாங்கித் துன்னேன்."

தொண்ணூறு வயது ஏகாம்பரம் இதைச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதை வாசலில் இருக்கும் பாபுவின் டீக்கடையில் அன்று எழுந்த சிரிப்பில் ஏரித் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தது என்றால் நம்ப வேண்டும். பாபு சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பே அணைந்தது.

"தாத்தா, நீ போன வாரம் ஒட்டகப் பால்ல டீ குடிச்சேன்னு சொன்ன, நம்புனேன். இது ஓவரு. சாட்சி யாரு கீறாங்க?"

"என் பொஞ்சாதி."

"பொஞ்சாதி சாட்சி செல்லாது."

"அப்ப அதோ குந்திக்கினு கீறாரே, அவரக் கேளு."

எல்லாத் தலையும் மூலைப் பெஞ்சுக்குத் திரும்பின. அங்கே திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார், மூக்கையும் வாயையும் மறைத்த முகக்கவசத்தோடு. ஒரு வாரமாகவே அப்படித்தான் நடைப்பயிற்சிக்கு வருகிறார். கேட்டால் சளி என்கிறார். டீயைக்கூட முகக்கவசத்தின் ஓரத்தைத் தூக்கி, குருவி தண்ணீர் குடிப்பதுபோலக் குடிக்கிறார்.

திருவேங்கடம் யார் என்று தெரிந்தால்தான் கடையே ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டது என்பது புரியும். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற உதிரிபாகத்தின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுப் போட்டு, வீட்டிலும் அந்தக் கை நிற்கவில்லை. கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டு, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தவர். "ஆமாம்" என்ற சொல் அவர் வாயில் இருந்து கடைசியாக எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஏரி நடையாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அதனால் அந்தச் சங்கத்தில் இதுவரை ஒரு தீர்மானமும் நிறைவேறியதில்லை.

அவர் முகக்கவசத்தை ஒருமுறை சரிசெய்துகொண்டார். முகக்கவசத்துக்குள் உதடு மட்டும் அசைந்தது. அவர் மனம் கடந்த ஐப்பசிக்குப் போய்விட்டது.

ஐப்பசியில் ஒரு காலை, ஏகாம்பரத்தின் மனைவி நாகம்மா வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். ஆவடியில் பிறந்து ஆவடியிலேயே எண்பத்திரண்டு வயதானவள். அவள் கத்தினால் அம்பத்தூரில் மின்சார ரயில் ஒரு நிமிடம் நின்று கிளம்பும் என்பார்கள்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க! ஊட்ட வுட்டுப் போன்னு நோட்டீஸ் குடுத்துகீறாங்க! ஒரு மாசத்துல நாட்ட வுட்டே போவணுமாம் இந்த மனுசன்!"

திருவேங்கடம் நோட்டீஸைப் படித்தார். ஏகாம்பரம் வெளிநாட்டவர். அவருடைய தங்கும் அனுமதி முடிந்துவிட்டது. புதுப்பிக்க, செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். இல்லையென்றால் வெளியேற வேண்டும்.

"நீங்க பிரெஞ்சுக்காரர்னு சொன்னதெல்லாம் நெஜமா?" என்றார் திருவேங்கடம்.

இருபது வருடமாக ஏகாம்பரம் அளந்த பட்டாளக் கதைகளை அவர் பெருக்கல் குறி போட்டுத் தள்ளி வைத்திருந்தார். பாலைவனத்தில் மணற்புயல் ஜீப்பைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த நாட்டில் வைத்தது, பனிமலையில் மீசை உறைந்து ஒடிந்து விழுந்தது, இப்படி எத்தனையோ. புதுச்சேரியில் ஏதாவது ஓட்டலில் சமையல்காரராக இருந்திருப்பார், அங்கே கேட்ட கதையாக இருக்கும் என்பது அவர் கணிப்பு.

"நெஜமாவான்னா கேக்கற?" ஏகாம்பரம் நாற்காலியில் இருந்து எழுந்தார். கைத்தடியைத் தரையில் தட்டினார். "காரைக்கால்ல பொறந்தேன். அப்ப அது பிரெஞ்சுக்காரன் ஊரு. பதினெட்டு வயசுல அவன் பட்டாளத்துல சேத்தான், கப்பல்ல ஏத்துனான். நான் துப்பாக்கி புடிச்சிக்கினு வெளிநாட்டுல நிக்கறப்ப, இங்க கொடிய எறக்கிட்டு வேற கொடிய ஏத்துனாங்க. நல்லது, ஏத்தட்டும். பெரிய மனுசங்க ஒப்பந்தம் போட்டு, 'யாரு எந்த நாட்டுக்காரன்னு ஆறு மாசத்துல சொல்லிடு'ன்னாங்க. நான் அல்ஜீரியாவுல இருந்தேன். கூட நின்னவன் பக்கத்துலயே செத்துக் கெடந்தான். அவன அங்க பொதச்சிட்டு, அந்த மண்ணு காயறதுக்குள்ள, நான் உங்க ஆளு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வருவனா? பிரெஞ்சாவே இருந்துட்டேன். ஊருக்கு வந்தேன், இவளக் கட்டுனேன், இங்கயே கீறேன். நான் நவுரலப்பா. நாடுதான் நவுந்துச்சு!"

"பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியதுதானே?"

"அங்கதான்யா கீது வெனை," என்றாள் நாகம்மா. "அவனுங்க கம்ப்யூட்டர்ல இந்த ஆளு செத்துட்டாராம்!"

கதை இதுதான். காரைக்காலில் இருந்து அதே பட்டாளத்துக்கு இரண்டு ஏகாம்பரங்கள் போனார்கள். ஒரே தெரு, ஒரே படைப்பிரிவு. ஒருவர் அல்ஜீரியாவில் இறந்தார். அறுபது வருடமாகக் காகிதத்தில் தனித்தனியாக இருந்த இரண்டு பேரையும், போன வருடம் எங்கோ யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒன்றாக்கிவிட்டார்கள். ஒன்றாக்கும்போது உயிரோடிருப்பவரை வைத்துக்கொண்டிருக்கலாம். செத்தவரை வைத்துக்கொண்டார்கள். செத்தவர் கடிதம் எழுதமாட்டார் பாருங்கள், தொல்லை இல்லை.

"பத்து வருசம் முன்னாடி பாஸ்போர்ட் குடுத்தானுங்களே, அது பேய்க்கா குடுத்தானுங்க?" என்றார் ஏகாம்பரம்.

திருவேங்கடத்துக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒரு பொருளில் கோளாறு என்றால் கடைசிவரை போய்ப் பார்த்துவிடுவது அவர் தொழில்புத்தி. மறுநாள் கிழவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போனார். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரி, தன் எதிரே உட்கார்ந்திருப்பது மனிதனா மேசை விளக்கா என்று கவலைப்படாத முகம்.

"பாஸ்போர்ட் இல்லாம அனுமதி கிடையாது சார். வெளியேறணும்."

"எந்த நாட்டுக்கு?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"அவங்க நாட்டுக்கு."

"அவங்க நாடு, இவர் செத்துட்டார்னு சொல்லுது."

"அது அவங்க பிரச்சினை."

"சரி, இந்தியக் குடியுரிமை குடுத்துடுங்க. பொறந்தது காரைக்கால். பொண்டாட்டி ஆவடி."

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். "தாராளமா விண்ணப்பிக்கலாம். அதுக்கு இவர் வெளிநாட்டவர்னு ஆதாரம் வேணும். செல்லுபடியாகுற பாஸ்போர்ட் இருக்கா?"

திருவேங்கடத்தின் காதுமடல் சிவந்தது. தொழிற்சாலையில் ஐம்பது டன் டாங்கி அவர் காலருகே உருண்டு வந்தபோதுகூடச் சிவக்காத காது.

"அப்ப வெளியேத்தறதுக்கு இவரு வெளிநாட்டுக்காரரு. சேத்துக்கறதுக்கு வெளிநாட்டுக்காரர் இல்ல. அப்படித்தானே?"

"அடுத்தவங்க காத்திருக்காங்க சார்."

ஏகாம்பரம் எழுந்து, கண்ணாடித் துளை வழியாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, தொண்ணூறு வயசு எனக்கு. அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ராத்திரி மாத்திரைய நான்தான் பிரிச்சுக் குடுக்கணும். நான் எந்த நாட்டுக்குப் போயி அங்கேர்ந்து கை நீட்டி மாத்திரை குடுக்கறது?"

அதிகாரி பொத்தானை அழுத்தினார். அடுத்த டோக்கன் எண் சிவப்பாக ஒளிர்ந்தது.

பதினொரு மாதமாகப் பிரெஞ்சுப் பக்கத்துக்கு எழுதிய கடிதங்களும் கிணற்றில் போட்ட கல்தான். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று ஏகாம்பரம் எழுதியதற்கெல்லாம் பதிலே வரவில்லை. ஒரே ஒருமுறை, தானாகப் பதில் சொல்லும் எந்திரம் ஒன்று, "உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம்" என்று எழுதியது.

அன்று சாயங்காலம் பாபு கடையில் திருவேங்கடம் ஆவேசமாக இருந்தார். ஏகாம்பரம் மட்டும் அமைதியாகப் பொறையை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஏதோ மின்னியது.

"வேங்கடம், உயிரோட கீறவன் கேட்டா எவனும் வரமாட்டான். செத்தவனுக்கு வருவான்."

"என்ன சொல்றீங்க பெரியவரே?"

"பிரெஞ்சுப் பட்டாளத்துல ஒரு பழக்கம் கீது. போர்ல செத்த சிப்பாய்க்கு எங்க கூட்டம் போட்டாலும், கூப்புட்டா ஒரு அதிகாரி வந்தே தீரணும்னு நெனைப்பாங்க. உன் சங்கத்து பேர்ல எழுது. 'பிரான்சுக்காக உயிர் விட்ட ஏகாம்பரத்துக்கு, அவன் செத்த நாள்ல, பருத்திப்பட்டு ஏரிக்கரையில இரங்கல் கூட்டம்'னு. நான் பிரெஞ்சுல எழுதித் தரேன், நீ கையெழுத்து போடு. அந்த எடத்துக்கு ஒரு கர்னல் வருவாங்க. எனக்கு சல்யூட் அடிப்பாங்க. பாத்துக்கினே இரு."

திருவேங்கடம் சிரித்தார். இருபது வருடப் பழக்கமுள்ள சிரிப்பு. "பிரெஞ்சு கர்னலு? பருத்திப்பட்டுக்கு? மழைக்காலத்துல பூந்தமல்லி ரோட்டுல பஸ்ஸே வரமாட்டேங்குது! இத பாருங்க பெரியவரே, கையெழுத்து போடுறேன். ஆனா அப்படி ஒருத்தர் வந்து உங்களுக்கு சல்யூட் அடிச்சா, இந்த மீசைய எடுத்துடுறேன்!"

அது சாதாரண மீசை இல்லை. தொழிற்சாலைச் சங்கக் கூட்டத்தில் அதற்குத் தனியாக ஒரு நாற்காலி போட வேண்டும் என்று தீர்மானம் வந்த மீசை. அதை யாரும் வழிமொழியவில்லை என்பது வேறு விஷயம்.

கடிதம் போயிற்று. உயிரோடிருந்தவருக்குப் பதினொரு மாதமாக வராத பதில், செத்தவருக்கு நான்கே நாளில் வந்தது. "எங்கள் வீரரை நினைவுகூரும் பருத்திப்பட்டு மக்களுக்கு நன்றி. எங்கள் அதிகாரி ஒருவர் மலர் வளையத்துடன் கலந்துகொள்வார்."

திருவேங்கடம் அந்தப் பதிலை மூன்று முறை திருப்பிப் பார்த்தார். போலியாக இருக்கும் என்றார். ஆனாலும் அன்றிரவு மீசையைத் தடவிக்கொண்டே தூங்கினார்.

இரங்கல் கூட்டம் என்றால் பேனர் இல்லாமலா? ஏகாம்பரம் தானே ஆவடி மார்க்கெட் பக்கம் உள்ள பிளெக்ஸ் கடைக்குப் போனார். இரண்டு பெரிய கண்ணில் இருந்து நீர் சொட்டும் 'கண்ணீர் அஞ்சலி' பேனர், எட்டடிக்கு ஆறடி. நடுவில் பட்டாள உடுப்பில் இருபத்தாறு வயது ஏகாம்பரம். கடைக்காரர் வழக்கம்போல, "இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஏகாம்பரம், "நான்தாம்பா அது" என்றார். கடைக்காரர் அதற்கப்புறம் வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த நாள் வந்தது. மழையும் வந்தது. ஆவடி பிறந்ததில் இருந்து அப்படி ஒரு மழை இல்லை. மீன்களுக்கே குடை தேவைப்பட்டது. பாபு கடையைப் பூட்டிவிட்டுக் கொரட்டூரில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டான். சங்கத்து உறுப்பினர் ஒருவரும் வரவில்லை. நடைபாதை மண்டபத்தின் ஓரத்தில் பேனர் மட்டும் படபடத்தது. அதன் முன்னே சுண்டல் தூக்குவாளியோடு நாகம்மா. பேனருக்குப் பின்னால் வேட்டி, பழைய கோட்டு, மார்பில் இரண்டு பதக்கம் என்று ஏகாம்பரம் ஒளிந்து நின்றார்.

"வரமாட்டாங்க, போலாம்," என்றார் திருவேங்கடம். நனைந்த மீசையின் இரு நுனியிலும் நீர் சொட்டியது. அவர் குரலில் வெற்றி இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை. கிழவருக்குக் கொடுத்த ஒரு மாதத்தில் ஒரு வாரம்தான் பாக்கி.

அப்போது சேற்றில் தடுமாறி ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. டிரைவர் குடை விரித்தார். கீழே இறங்கியவர் ஒரு பெண். நாற்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண், தோளில் நட்சத்திரம்போல மின்னும் பட்டைகள், கையில் நீலம், வெள்ளை, சிவப்பு நாடா சுற்றிய மலர் வளையம். பளபளத்த காலணி இரண்டும் கணுக்கால்வரை சேற்றில் புதைந்தன. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராக பேனர் முன்னால் வந்து நின்றார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியும். தங்கள் வழக்கப்படி இறந்தவரின் பெயரை உரக்க அழைக்க வேண்டும், கூடியிருப்பவர்கள், 'மோர் பூர் லா ஃப்ரான்ஸ்' என்று பதில் சொல்ல வேண்டும், பிரான்சுக்காக உயிர் நீத்தார் என்று அதற்குப் பொருள் என்று திருவேங்கடத்துக்கு விளக்கினார். பின் விறைப்பாக நின்று, மழைக்கு மேல் குரலை உயர்த்திக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரம்!"

திருவேங்கடம் வாயைத் திறந்தார். பதில் அவர் வாயில் இருந்து வரவில்லை.

"ப்ரெசான், மோன் கொலொனெல்!"

உள்ளேன், கர்னல்! ஏரியில் இருந்த நீர்க்காகங்கள் அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்தன. பேனருக்குப் பின்னால் இருந்து ஏகாம்பரம் வெளியே வந்தார். கைத்தடி எங்கோ விழுந்தது. மூட்டுவலியால் பத்து வருடமாகப் படியேறாத கால்கள் சேற்றில் தாளம் தப்பாமல் வந்து, ரப்பர் செருப்பின் குதிகால்கள் ஒன்றோடொன்று மோதி நின்றன. முதுகு நிமிர்ந்தது. கட்டைவிரல் வேட்டிக்கரையில் ஒட்டிக்கொண்டது.

முப்பத்தாறு வருடம் ஆவடியில் பட்டாளத்துக்காரர்களைப் பார்த்த மனிதர் திருவேங்கடம். சமையல்காரரால் உடுப்பு வாங்கிப் போட்டுக்கொள்ள முடியும். பதக்கம்கூட வாங்க முடியும். பெயரைக் கூப்பிட்டதும் மனம் அறிவதற்குள் உடம்பு பதில் சொல்கிறதே, அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவர் கையில் இருந்த கற்பனைச் சாக்பீஸ் நழுவி விழுந்தது.

கர்னலின் முகம் வெளுத்தது. பேனரைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். அதே தாடை, அதே கண். பிரெஞ்சில் ஏதோ சட்டென்று கேட்டார். ஏகாம்பரம் சட்டென்று பதில் சொன்னார். கேள்வியும் பதிலும் பந்து மாதிரி போய்ப்போய் வந்தன.

"இன்னா பேசறாங்கன்னு சொல்லட்டா தம்பி?" என்றாள் நாகம்மா கிசுகிசுப்பாக. "நம்பர் இன்னான்னு கேக்குது. சொல்றாரு. எந்தப் பிரிவு, எந்த மலைன்னு கேக்குது. சொல்றாரு."

"உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமாம்மா?"

"அம்பத்தஞ்சு வருசமா ராத்திரி தூக்கத்துல இதையேதான பொலம்பறாரு. எனக்குத் தெரியாம இருக்குமா?"

கர்னல் கடைசியாக ஒன்று கேட்டார். ஏகாம்பரம் ஒருமுறை ஏரியைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகப் பேசினார். மீண்டும் நாகம்மாதான் சொன்னாள். "அப்ப செத்தது யாருன்னு கேக்குது. இன்னொரு ஏகாம்பரம்ன்றாரு. என் தண்ணிப் புட்டியிலதான் கடேசியாக் குடிச்சான், அவன ஏன் எங்கிட்டேர்ந்து எடுத்துட்டீங்கன்றாரு. என்ன சாவடிச்சதவிட அவனுக்கு ஒரு தனிச் சாவு இல்லாமப் பண்ணதுதான் எனக்குக் கோவம்ன்றாரு."

மழை கொஞ்சம் விட்டது. ஏகாம்பரம் கேட்டுக்கொள்ள, கர்னல் இரண்டாவது முறை அதே பெயரை அழைத்தார்.

"ஏகாம்பரம்!"

"மோர் பூர் லா ஃப்ரான்ஸ்," என்றார் ஏகாம்பரம். கண்ணில் வழிந்தது மழையாகவும் இருக்கலாம். அவர் பக்கத்தில் நின்ற திருவேங்கடத்தின் வாயும், தனக்குத் தெரியாத அந்த மொழியில், அதையே தப்பும் தவறுமாகச் சொன்னது.

கர்னல் மலர் வளையத்தைப் பேனர் அடியில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் ஏகாம்பரத்திடம் கொடுத்தார். நண்பனுக்கு நீங்களே வையுங்கள் என்றார். பின் ஓரடி பின்வாங்கி, சேற்றில் காலை ஊன்றி, சல்யூட் அடித்தார்.

ஐந்தாவது நாளே பாஸ்போர்ட் வந்தது. மன்னிப்புக் கடிதமும் வந்தது. ஏகாம்பரம் இறக்கவில்லை என்பதில் மிகுந்த மகிழ்ச்சி அடைகிறோம் என்றது அது. அதை எடுத்துக்கொண்டு அதே கண்ணாடித் தடுப்புக்குப் போனார்கள். நோட்டீஸ் ரத்தானது. அதிகாரி முத்திரை குத்திவிட்டு, "ஒரு வருஷத்துக்குத்தான் சார். அடுத்த வருஷம் மறுபடி வரணும்," என்றார். பிறந்த மண்ணில் கிடக்க, தொண்ணூற்றொரு வயதில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமாம்! திருவேங்கடம் அங்கேயே மேசையில் ஓங்கிக் குத்தினார். ஏகாம்பரம்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்தார். "வுடு வேங்கடம். இவங்க கூப்புடறப்பவும் ப்ரெசான் சொல்லிட்டுப் போறேன்."

திரும்பி வரும் வழியில் திருவேங்கடம் ஆட்டோவை ஒரு சலூன் வாசலில் நிறுத்தச் சொன்னார்.

"இன்னா சார், பேசாம குந்திக்கினு கீற?" பாபுவின் குரல் அவரை மறுபடி டீக்கடைக்குக் கொண்டு வந்தது. "தாத்தா உடறது ரீலுதான? நடைப்பயிற்சிக் கூட்டம் மொத்தமும் காத்துக்கினு கீது. சொல்லு."

ஏகாம்பரம் டீ டம்ளருக்கு மேலாகப் பார்த்தார். கண் மட்டும் சிரித்தது.

திருவேங்கடம் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். முகக்கவசத்தை மெதுவாகக் கீழே இறக்கினார். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, நாற்பத்தைந்து வருடமாக வெயில் படாத இடம் வெள்ளை வெளேரென்று பளபளத்தது. பாபு கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டான்.

"பட்டாளமெல்லாம் வரல," என்றார் திருவேங்கடம் கண்டிப்பாக. "ஒரே ஒரு அம்மா, ஒரு டிரைவர். சுண்டலும் இவரு ரெண்டு தடவ வாங்கித் திங்கல."

கடை முழுக்க, "அதான பாத்தேன்" என்று ஒரு மூச்சு கிளம்பியது.

"மூணு தடவ. நான்தான் பரிமாறுனேன்," என்றார் அவர். "மத்தபடி ஆமாம்ப்பா. நடந்துச்சு."